அக்காவின் முதுகில் வைத்த சிமெண்ட்

ஆய்வகத்தில் அவளுக்குக் கொத்தனாரம்மா என்று பெயர். படித்த படிப்புக்கு அது மரியாதை இல்லைதான். ஆனால் பொடியையும் திரவத்தையும் குழைத்து, நொறுங்கிய முதுகெலும்புக்குள் ஊசி வழியாகச் செலுத்தும் சிமெண்ட் செய்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்களாம்? அவளும் சிரித்துக்கொள்வாள்.

பழைய சிமெண்ட் நாளாவட்டத்தில் விரிசல் விடும். அவள் அதில் கண்ணாடித் தூளையும் பீங்கான் தூளையும் கலந்தாள். கூடினால் ஊசி அடைத்துக்கொண்டது, குறைந்தால் வலு போனது. தலைகீழாக நின்று ஒரு வழியாகச் சரியான கலவையைப் பிடித்தாள். நசுக்கும் இயந்திரம் முக்கி முனகியதே தவிர, வார்த்த கட்டி அசைந்து கொடுக்கவில்லை. "கெட்டி!" என்று கத்தினாள். அந்த அறையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எவ்வளவு கெட்டி போதும் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆட்டு முதுகெலும்பில் வைத்துப் பார்த்தார்கள். இளம் ஆடுகள், திடமான எலும்பு. சிமெண்ட் சோதனையில் தேறியது.

அவளை வளர்த்து ஆளாக்கியது அக்கா. அக்காவுக்கு மூச்சு இழுப்பு. அதற்காக வருடக்கணக்காக விழுங்கிய மாத்திரை எலும்பை அரித்துவிட்டிருந்தது. ஒரு நாள் வாளியைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை; முதுகெலும்பு ஒன்று நொறுங்கியிருந்தது. புது சிமெண்டை நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்க அப்போதுதான் அனுமதி வந்திருந்தது. இவ்வளவு அரித்த எலும்பிலா என்று டாக்டர் தயங்கினார். இவள்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அக்காவையும் சேர்த்துக்கொள்ள வைத்தாள். அக்கா எழுந்தாள், நடந்தாள், பழையபடி சண்டைகூடப் போட்டாள். இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அக்கா ஒரு தும்மல் தும்மினாள். அவ்வளவுதான், மறுபடி படுக்கை.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "உங்க சிமெண்டுக்கு ஒண்ணும் ஆகலம்மா. பிரச்சினையே அதான். எலும்புன்னா கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும். இது கொடுக்கல. பாரம் மொத்தமும் மேல இருக்கிற எலும்புல ஏறிடுச்சு. அது ஏற்கெனவே உளுத்துப்போனது, நொறுங்கிடுச்சு."

"அதுலயும் வச்சா?"

"அதுக்கும் மேல இருக்கிறது போகும்."

படத்தில் அந்த வெள்ளைக் கட்டி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. விட்டுக்கொடுக்கிற சிமெண்ட் வேண்டுமென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், வருடங்கள் ஆகும். படுத்தே கிடந்தால் அக்காவின் நுரையீரல் அதுவரை தாங்காது. இது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

வார்டில் அக்கா இவளைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"மூஞ்சிய ஏன்டி இப்படி வச்சிருக்கே? நர்ஸ் சொல்லிட்டாங்க, நீ செஞ்சதுல ஒரு கீறல்கூட இல்லையாமே! பக்கத்துக் கட்டில்காரங்ககிட்ட எல்லாம் பெருமையடிச்சாச்சு. இப்ப உடைஞ்சதுலயும் அதையே வைக்கச் சொல்லு. வேற யாரோடதும் எனக்கு வேண்டாம்."

இவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்றேன்க்கா," என்றாள்.