கையில் கொடுத்ததை வாசித்தவர்

பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. ஊருக்கு அவர் வெண்கலம். வேனின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்புச் செய்வது தொழில். துணிக்கடைத் தள்ளுபடி, மின்தடை, காணாமல்போன மாடு, யாரோ ஒருவரின் இறுதி ஊர்வலம் என்று கையில் கொடுத்ததைக் கணீரென வாசிப்பார். வீட்டிலும் அதே குரல்தான். “நீங்க இங்க தண்ணி கேட்டா, நாலாவது வீட்டுல சொம்போட வந்து நிக்கிறாங்க” என்பாள் மனைவி. அவருக்குக் கோபம் வந்தால் மகள் காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு கோடையில் பிள்ளைகள் பலருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. ஆற்றங்கரைக் குடிசைக்காரர்கள் குடிநீர்த் தொட்டியில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வியாபாரிகள் சங்கத் தலைவர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். எல்லோரும் சந்தைத் திடலில் கூட வேண்டும் என்று அதில் இருந்தது. வெண்கலம் வாசித்தார். சனம் வாசலுக்கு வந்து கேட்பதைப் பார்த்ததும், தாளில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார்: “இன்னைக்கு விட்டா, நாளைக்கு உங்க புள்ளைதான்.”

பொழுது சாய்வதற்குள் குடிசைகள் எரிந்தன. சந்தை முனையில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருக்கும் பூட்டுக்காரரின் குடிசையும் அதில் ஒன்று. அவர் மனைவி நடமாட முடியாதவர். புகையிலேயே மூச்சடைத்து இறந்துபோனார். பிறகுதான், சாக்கடைக் குழாய் உடைந்து குடிநீரில் கலந்திருந்தது தெரியவந்தது. குழாயை மாற்றினார்கள். அதோடு சரி.

வெண்கலத்தை யாரும் குறை சொல்லவில்லை. அவரால்தான் வேனை எடுக்க முடியவில்லை. மனைவியின் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எழுதினது யாரோ, கொளுத்தினது யாரோ. நீங்க ஏன் மாப்ள சுமக்குறீங்க?”

“அந்த ஒரு வரி என்னோடது” என்றார் வெண்கலம். “அதைச் சொல்லும்போது எனக்கு நல்லா இருந்துச்சு.”

மச்சான் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

பின்னறையில் ஒலிபெருக்கிகளை ஒதுக்கிவிட்டு, காலையில் சுவரைப் பார்த்து உட்காரத் தொடங்கினார். ஊருக்கு நல்ல புத்தி கொடு என்று வேண்டிக்கொள்ளத்தான் முதலில் உட்கார்ந்தார். கண்ணை மூடினால் ஊர் வரவில்லை, அவரே வந்தார். தன் குரலுக்குத் தெரு திரும்புவதில் இருந்த ருசி வந்தது. குடிசைக்காரர்கள் என்றால் சின்ன வயதிலிருந்தே உள்ளே கிடந்த இளக்காரம் வந்தது. மகளை அறைந்தது வந்தது. ஊரை வைதுகொண்டு எழுந்துவிடலாம் என்று தோன்றும். எழாமல் உட்கார்ந்திருப்பார். கண்ணால் பார்க்காததைச் சொல்வதில்லை, யாரையும் வெறுத்துப் பேசுவதில்லை என்று தனக்கொரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். பலமுறை வழுக்கினார். ஒருநாள் கத்திவிட்டு, மகளிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவள் நம்பாமல் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

வேன் கைமாறியது. அவர் மரக்கடையில் சுமை தூக்கப் போனார். மனைவி அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் துலக்கினாள். “நீங்க நல்லவரா ஆகுறதுக்கு நாங்க ஏன் வயித்தைக் காயப்போடணும்?” என்று ஒருநாள் கேட்டாள்.

பூட்டுக்காரர் பாலத்துக்கு அப்பால் கடை போட்டிருந்தார். வெண்கலம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சேர்த்த வரியையும் சொன்னார். சாவியை அராவிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

“உங்க குரலை அன்னைக்கு அவளும் கேட்டா” என்றார் பூட்டுக்காரர். “தூரத்துல கேட்டதால சரியா விளங்கலை. நம்ம வெண்கலம்தானே, ஏதாவது தள்ளுபடியா இருக்கும்னு சொன்னா.” சாவியை ஊதித் தூசியைத் தட்டினார். “மன்னிக்கச் சொல்லாதீங்க. என்னால ஆகாது.”

கேட்க வரவில்லை என்று சொல்லிவிட்டு வெண்கலம் திரும்பினார். பாலத்தின் நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

சில வருடம் கழித்து ஒரு சிறுமியைக் காணோம். வெளியூர்க் கூலிக்காரர்கள் தூக்கிவிட்டார்கள் என்று வேறொரு வேன் கூவிக்கொண்டு போனது. வெண்கலம் தன் தெருவில் வீடுவீடாக ஏறினார். குரலை உயர்த்தவில்லை. “நீங்க கண்ணால பாத்தீங்களா? நானும் பாக்கலை. ஒரு நாள் பொறுங்களேன்.” சிலர் கதவைச் சாத்தினார்கள். இரண்டொருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பினார்கள். தெருக்கோடியில் ஒருவன் கட்டையால் அவர் தோளில் போட்டான்.

கிளம்பிப் போனவர்களே கொளுத்தப் போதுமானவர்களாக இருந்தார்கள். கூலிக்காரர்களின் கொட்டகை சாம்பலானது. ஆட்கள் முன்பே தப்பியோடியிருந்தார்கள். சிறுமி அத்தை வீட்டிலிருந்து மறுநாள் திரும்பினாள்.

வெண்கலத்தின் தோள் எலும்பு கோணலாகக் கூடியது. சுமை தூக்க முடியாமல் மரக்கடை வேலையும் போயிற்று. வளர்ந்துவிட்ட மகள்தான் சட்டையை மாட்டிவிட்டாள். பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: “அடிச்சவன்மேல கோவம் வருதாப்பா?”

“வருது” என்றார். “இன்னும் போகலை.”

அவள் கையை எடுத்ததும் எழுந்து, சுவரைப் பிடித்தபடி பின்னறையில் உட்காரப் போனார்.