லைட் எரிஞ்சாப் பாப்பம்

என் கணவர் என் பேச்சைக் கேட்க மாட்டார். இது எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் வாட்ச்மன் வரைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் கார் சொன்னால் கேட்பார். கேட்பார் என்றால், கார் வாயைத் திறந்து சொல்லும்வரை ஒன்றும் செய்யாமல் காத்திருப்பார்.

ஜெர்மன் கார். வெளிநாட்டுக்குப் போய்க் குடியேறிவிட்ட ஒரு டொக்டரிடம் வாங்கினது. மகனுக்குக் கல்யாணம் சரிவந்த கையோடு, மாப்பிள்ளை இந்தக் காரில்தான் மண்டபத்துக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினார். சீட்டுகள் எல்லாம் தோல். கதவைச் சாத்தினால், காலிப் பட்டணத்துக்குப் போகிற எங்கள் வாசல் காலி வீதியின் சத்தம் வெளியிலேயே நின்றுவிடும். பெற்றோல் குறைந்தால் மஞ்சளாக ஒரு சின்ன லைட் எரியும், மெல்லிய மணி ஒன்று அடிக்கும், இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று பக்கத்தில் எப்போதும் ஓர் எண் நிற்கும். மனிதரை மயக்கியது அந்த எண்தான்.

அவர் வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவருடைய கையெழுத்தை மூன்று தரம் திருப்பிப் பார்த்தவர். அப்படிப்பட்டவர் ஏன் ஒரு லைட்டை இப்படி நம்பினார் என்பதற்கும் ஒரு கதை உண்டு. நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருஷம், இவர் எங்களுடைய பழைய காருக்குள் தெஹிவளை றோட்டோரத்தில் இரவு பகலாகக் கிடந்தார். நான் இடியப்பப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு நடந்தேன். அவருக்குக் கீழே வேலை செய்த ஒருவர் அவரை அந்தக் கோலத்தில், முகம் மழிக்காமல், இடுப்பில் கசங்கின சாரத்தோடு கண்டுவிட்டார். அது அவருக்குப் பெரிய வெட்கம். அந்த வருஷம் பட்டவர்கள் எல்லாம் இன்றைக்கும் பெற்றோல் முள் பாதிக்கு இறங்கினாலே ஓடிப்போய் ஃபுல்லாக அடித்துவிடுவார்கள். இவர் மட்டும் மற்றப் பக்கம் போனார். இனிமேல் பெற்றோலைப் பற்றி நான் யோசிக்கப் போவதில்லை, கார் யோசிக்கட்டும் என்றார். முதல் தரம் கேட்டபோது எனக்குப் பாவமாக இருந்தது. ஐம்பதாவது தரம் கேட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"லைட் எரிஞ்சாப் பாப்பம்." இதுதான் எல்லாவற்றுக்கும் பதில். லைட் எரிந்த பிறகு, "இன்னும் இருக்கு." எண் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு, பூச்சியத்துக்குக் கீழேயும் கொஞ்சம் வைத்துத்தான் ஜெர்மன்காரன் செய்திருப்பான் என்று விளக்கம். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் முன்பே இந்த வீரத்தைச் சொல்லிவிடுவார். ஒரு தரம் நுகேகொடையில் இருந்து வெறும் லைட்டோடு வீடு வந்து சேர்ந்ததை, கடலை நீந்திக் கடந்தவர் மாதிரிச் சொன்னார். கார் அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை, நான்தான் வீணாகப் பயப்படுகிறேனாம்.

பொன்னுருக்கல் வெள்ளிக்கிழமை வைத்தார்கள். தாலிக்குரிய பொன்னை ஆசாரியார் நல்ல நேரத்தில் உருக்குவார், இரண்டு பகுதியாரும் நின்று பார்ப்பார்கள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பொன் பவுணை மாப்பிள்ளையின் தகப்பன்தான் தன் கையால் ஆசாரியாரிடம் கொடுக்க வேண்டும். என் மாமனார் கொடுத்த பவுண்தான் என் கழுத்தில் தாலியாகக் கிடக்கிறது. மகனுக்கு இந்தச் சடங்குகளில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அப்பா கொடுக்கிற அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் ஆசையோடு எதிர்பார்த்தான். எந்தச் சட்டை போட்டால் படத்தில் இரண்டு பேருக்கும் பொருந்தும் என்று தகப்பனிடமே கேட்டான்.

ஆசாரியார் வீடு கொட்டாஞ்சேனையில், பெண் வீட்டாரின் தெருவுக்குப் பக்கத்தில். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குமுன் உருக்கியாக வேண்டும். பெண்ணின் தாய் நேரம் பார்ப்பதில் மகா கெட்டி. இந்தக் கல்யாணப் பேச்சே பஞ்சாங்கத்தில் இரண்டு தரம் முறிந்து ஒட்டினது.

முதல்நாள் இவர் யாரையோ கூட்டிவர விமான நிலையத்துக்குப் போய்வந்திருந்தார். மகன் இரவே கேட்டான், பெற்றோல் அடித்தாயிற்றா என்று. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் காட்டுது, கொட்டாஞ்சேனைக்குப் பத்துத்தான் என்றார் இவர். கணக்கு என்னவோ சரிதான். ஆனால் அந்த எண் நெடுஞ்சாலையில் பறந்துவந்த காருக்கான எண். வெள்ளிக்கிழமைக் காலையில் காலி வீதியில் ஊர்கிற காருக்கானது அல்ல. இது எனக்கே விளங்கியது, அவருக்கு விளங்கவில்லை.

மகன் என் தம்பியோடு முன்னுக்கே போய்விட்டான். நாங்கள் இருவரும் புறப்பட்டோம். என் மடியில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேசிக்காயோடு தட்டு, நடுவில் பவுண். பம்பலப்பிட்டி தாண்டுமுன்னே எண் பாதியாகிவிட்டது. இடது கைப்பக்கம் ஒரு பெற்றோல் செட், ஒரு வாகனம்கூட நிற்கவில்லை. நெரிசலில் கார் கூடக் குடிக்குது, எண்ணை நம்பாமல் திருப்புங்கோ என்றேன். நேரம் போய்விடும், வரும்போது அடிப்போம் என்றார். கொள்ளுப்பிட்டியில் மணி அடித்தது, லைட் எரிந்தது. அங்கேயும் ஒரு செட், அங்கேயும் சும்மாதான் கிடந்தது. லைட் எரிந்தால் பார்ப்போம் என்றீர்களே, எரிந்துவிட்டதே என்றேன். "இப்பத்தானே எரிஞ்சது" என்றார். ஏசியையாவது நிப்பாட்டுங்கோ என்றேன். பட்டு வேட்டியோடு வேர்க்கலாமா என்று கேட்டார்.

பிறகு எண்ணும் மறைந்தது. அந்த இடத்தில் மூன்று சின்னக் கோடுகள் வந்து நின்றன. இது என்ன என்று கேட்டேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கார் கணக்குப் போடுகிறது என்றார். தட்டு மடியில் இல்லாவிட்டால் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்.

கடலோரத்துக் காலிமுகத்திடலுக்கு முன்னால், நடுறோட்டில், கார் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது. நிற்கும்போதும் மரியாதையாகத்தான் நின்றது. பின்னால் பஸ்காரன் ஹோர்னை அமத்திப் பிடித்தான். பொலிஸ்காரர் ஒருவர் வந்து கண்ணாடியில் தட்டி, "தெல் இவரத, மஹத்தயா?" என்று கேட்டார். பெற்றோல் முடிந்ததா என்ற அந்தச் சாதாரணக் கேள்விக்கு என் கணவர், இல்லை, சிஸ்டத்தில் ஏதோ கோளாறு என்று நல்ல சிங்களத்தில் பொய் சொன்னார். நாலு பேர் சேர்ந்து காரை ஓரத்துக்குத் தள்ளினார்கள்.

நான் தட்டோடு இறங்கி ஓட்டோ ஒன்றை மறித்தேன். ஏறுங்கோ என்றேன். அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் காரைப் பார்த்தார்.

"காரை இப்பிடி விட்டிட்டு எப்பிடி வாறது? இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள். நீர் போம், நான் பின்னால வாறன்."

"இஞ்சருங்கோ, இது உங்கட கையால குடுக்கவேண்டிய பவுண்" என்றேன்.

"ஆர் குடுத்தாலும் பொன் உருகும்தானே" என்றார். அதைச் சொன்ன பிறகு அவரே முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடற்காற்றில் சால்வை பறந்தது. அதை ஒரு கையாலும் கார்க் கதவை மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏறிப் போய்விட்டேன். கொட்டாஞ்சேனை வரைக்கும் எனக்குக் கோபத்தில் அழுகை வந்துகொண்டே இருந்தது. ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

ஆசாரியார் வீட்டு வாசலில் பெண்ணின் தாய் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார், சம்பந்தி எங்கே என்று. றோட்டில் சனம், வந்துகொண்டிருக்கிறார் என்று மழுப்பினேன். மகன் பக்கத்தில் வந்தான்.

"பெற்றோலா, அம்மா?"

நான் தலையை ஆட்டினேன். அவன் வாசலில் போய் நின்று தெரு முனையையே பார்த்தான். உள்ளே அடுப்பு மூட்டியாகிவிட்டது. ஆசாரியார் நேரத்தைப் பார்த்தார், பெண்ணின் தாய் என்னைப் பார்த்தார். என் தம்பி போய்த் தோளில் கை வைத்த பிறகுதான் மகன் உள்ளே வந்தான்.

"நீங்களே குடுங்கோம்மா" என்றான்.

நான் கொடுத்தேன். பொன் சிவந்து, இளகி, மஞ்சாடி விதைபோல உருண்டு வந்தது. எல்லோரும் தட்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள். படம் எடுத்தார்கள். மகனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடம் படத்தில் அப்படியே வெறுமையாக விழுந்திருக்கிறது. கொஞ்சம் நெருங்கி நில்லுங்கோ என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அவர் வந்துசேர்ந்தபோது நாங்கள் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ பிளாஸ்டிக் கானில் கொண்டுவந்து கொடுத்த பெற்றோலை ஊற்றி, வழியில் ஃபுல் டேங்கும் அடித்துக்கொண்டு வந்திருந்தார். காருக்கு ஒரு கீறல்கூட இல்லை என்றார். பிறகு சம்பந்தி வீட்டாரை இருத்தி வைத்து, நெரிசலில் கார் எப்படிக் கூடக் குடிக்கும், எண் எப்படிப் பிழையாகும் என்று அசடு வழியாமல் விளக்கினார். நான் பம்பலப்பிட்டியில் சொன்ன அதே கதைதான், இப்போது அவருடைய கண்டுபிடிப்பாக வந்தது. மகன் அவருக்கும் ஒரு தட்டில் வடை கொண்டுவந்து வைத்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கல்யாணத்தன்று காலை ஃபிளாட்டுக்குக் கீழே கார் மல்லிகைச் சரத்தோடு நின்றது. இவர் விடியவே போய் வழியவழிய அடித்துவந்திருந்தார். தானே ஓட்டப்போகிறேன் என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, எஞ்சினையும் ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார். மகன் தலைப்பாகையும் மாலையுமாக இறங்கி வந்தான். பின்கதவை நான் திறந்து பிடித்தேன். அவன் ஏறாமல் முன்னுக்குப் போய்த் தகப்பனின் ஜன்னலடியில் நின்றான்.

"ஃபுல்லா இருக்கு, தம்பி" என்றார் அவர், மெதுவாக.

"ஓம், அப்பா" என்றான் மகன். சொல்லிவிட்டு, தலைப்பாகை இடிக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்குள் குனிந்து, தகப்பனின் கைக்கு மேலால் எட்டி முள்ளைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் வந்து ஏறினான்.