எதிரணிக்கு அடித்த மேளம்

யாங்கோனில் பெண்கள் இளையோர் கால்பந்துப் போட்டி. எங்கள் மியான்மர் அணிக்கு உற்சாகமூட்டக் கோயில் மேளத்தோடு போயிருந்தேன். அதே ஊரின் க்யிம்யிண்டைங் பகுதியில் எங்கள் அம்மன் கோயில் தீமிதிக்கு அடிப்பவன் நான். குண்டத்தில் யாராவது தடுமாறினால் உடனே அடியை வேகப்படுத்த வேண்டும். கைக்கு அது பழகிப்போயிருந்தது.

எதிரணி ஒரு குட்டித் தீவு நாடு. இந்தத் தொடரில் ஆடிய எந்த ஆட்டத்திலும் ஒரு கோல்கூடப் போடாதவர்கள். கடைசி நிமிடங்களில் அவர்களின் பெண் ஒருத்தி பந்தோடு ஓடிவந்தவள், தடுக்கி விழப்போனாள். என் கை தானாக வேகமெடுத்தது. அவள் நிமிர்ந்து ஓடி உதைத்தாள். கோல்!

அரங்கமே அமைதியாகிவிட்டது. என் மேளம் மட்டும் முழங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, அது அவங்க கோலுங்க!" என்று மனைவி மா கின் என் கையைப் பிடித்தாள்.

எல்லோரும் திரும்பி முறைத்தார்கள். முன்வரிசையில் ஒரு தடித்த ஆள் லோஞ்சி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். உதை நிச்சயம் என்று நினைத்தேன்.

"நிறுத்தாதே, அடி! அவங்களுக்கு இதுதான் முதல் கோல்!" என்று பர்மிய மொழியில் கத்திவிட்டு ஆட ஆரம்பித்தார். பிறகு எங்கள் பக்கம் முழுக்க ஆடியது. கோல் போட்ட பெண் வேலியருகே ஓடிவந்து, மேளம் அடிப்பதுபோல் கையை ஆட்டிச் சிரித்தாள்.

"அடுத்த மேட்ச்சில யாருக்கு அடிப்பீங்க?" என்று மா கின் இன்றும் கேலி செய்கிறாள்.

"தடுமாறியும் ஓடுறவங்களுக்கு" என்கிறேன்.