மாமனாரின் ஹார்ட் டிஸ்க்

திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மாமனார் தன் ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் கொடுத்தார்.

"நீதானேம்மா புத்தகத்தையெல்லாம் வகை பிரிச்சு அடுக்குற? என் போட்டோவையும் அடுக்கிக் குடு."

திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கையில் எப்போதும் போன். கோபுரத்தையும் காவிரியையும் படம் எடுக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பில் திறந்தேன். ஆயிரக்கணக்கான படங்கள், எதற்கும் பெயர் கிடையாது. முதலில் முகங்களை வைத்துப் பிரிக்கும்படி லேப்டாப்பில் இருந்த போட்டோ மென்பொருளுக்குச் சொன்னேன். முகங்களே அதிகம் இல்லை. படிக்கட்டில் வெற்றிலை எச்சில், லிஃப்ட் மூலையில் நாய் மூத்திரம், மேல்வீட்டுக் கொடியில் உள்ளாடை, எதிர்வீட்டு வாசலில் பிய்ந்த குப்பைப் பையிலிருந்து வழியும் மீன் கழிவு. ஒவ்வொன்றையும் கிட்டே போய்க் குனிந்து, பல கோணத்தில் எடுத்திருந்தார். லேப்டாப்பைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டேன். இருந்தாலும் படிக்கட்டு, லிஃப்ட், வாசல் என்று பிரித்துப் போட்டுக்கொண்டே போனேன்.

பிறகு எங்கள் வீடு வந்தது. சிங்க்கில் நான் போட்டுவிட்டுப் போன பால் பாத்திரம். பொங்கி வழிந்து காய்ந்த அடுப்பு. குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையில் சுருண்டு கிடந்த என் தலைமுடி. உடம்பெல்லாம் கூசியது.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்தார்.

"சர்வீஸ் முழுக்கக் குறை கண்டுபிடிச்சே பழகினவரு. விடேன்."

"என் முடியப் படம் எடுத்து வச்சிருக்காருங்க. உங்களுக்குச் சிரிப்பா வருதா?"

கணவரே மவுஸை வாங்கி நகர்த்தினார். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த வருடம் வந்தது. குழம்பு சிந்திய முந்தானை. நனைந்த விரிப்பு. அத்தை துப்பிய சோற்றுப் பருக்கைகள். முகம் ஒன்றில்கூட இல்லை. அத்தை இறந்தபோது மாலை போட ஒரு படம் கிடைக்காமல், யாரோ வீட்டுக் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தோம். கணவரின் சிரிப்பு நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மாமனாரிடம் நானே போய்க் கேட்டேன். "இதையெல்லாம் எதுக்கு மாமா எடுத்தீங்க?"

அவர் மழுப்பவில்லை. "நாளைக்கு யாராவது இப்படி நடக்கலைன்னு சொல்லிட்டா? ஆதாரம் வேணும்ல?"

"அத்தை வந்து நடக்கலைன்னு சொல்லப் போறாங்களா மாமா?"

நான் என்ன கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. "சரி, அடுக்கிட்டியா இல்லையா?" என்றார்.

அன்று சாயங்காலம் கணவர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வீட்டுக்குள் எடுத்ததையெல்லாம் அவர் பார்க்கவே அழித்தார். "இது என் சொத்துடா," என்று கத்தினார் மாமனார். கணவர் தலை நிமிரவில்லை. மீதியை அடுக்க மாட்டேன் என்று சொல்லி டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் மாமனாருக்குக் காபி கொண்டுபோனபோது, பால்கனிக் கம்பியில் சாய்ந்து, கீழே குறுக்கே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார். அந்த விரல் என் மேல் பட்டுவிடக் கூடாது என்று டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.