மேடை போட்ட வாசிப்பறை

இன்று ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் ஒருவர் காலை முழுக்க நின்றுகொண்டே இருந்தார்.

கனகசெட்டிக்குளத்து மீனவர். படகு ஏற்றும் கரையில் யாரோ வேலி போட்டுவிட்டார்களாம். பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடத்தைப் பார்க்க வந்திருந்தார்.

நுழைந்ததும் எதிரே உயரமான மேடை, அதன்மேல் அதிகாரி. படிக்க வரும் எங்கள் நாற்காலிகளெல்லாம் கீழே, மேடையைப் பார்த்தபடி. மீனவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிட்டார்.

"போய்க் கேளுங்கண்ணே" என்றேன்.

"ஐயா கூப்புடட்டும், போறேன்."

நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். அங்கே யார் எழுந்தாலும் அறையே நிமிர்ந்து பார்க்கும். உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அறையைப் பூட்டினார்கள். அவர் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

அதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனிதர், பதறிவிட்டார். "கேட்டிருந்தா ஒடனே எடுத்துக் குடுத்திருப்பேனே சார். ஒங்ககூட வந்தவர்னு நெனச்சுட்டேன்."

"அந்த மேடைய எடுத்துடுங்க சார்."

"அது கட்டடத்தோட கட்டுனது சார்."

வெளியே வந்தால் வாசலில் என் செருப்பு கிடக்கிறது. இத்தனை வருடத்தில் யாரும் கழற்றச் சொன்னதே இல்லை.

செருப்போடு உள்ளே போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒருமுறை பார்க்க வேண்டும்.