மாமாவும் இரண்டாம் பாகமும்

அந்த ஒற்றர் படத்தின் முதல் பாகத்தை நானும் மாமாவும் எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று எனக்கே தெரியாது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிட்னிக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்து, வேலையும் பார்த்துக்கொண்டு, ஹோம்புஷில் எங்கள் ஃப்ளாட்டின் ஹால் சோபாவிலேயே குடியிருந்தவர். படத்தின் முடிவில் ஒற்றனின் கூட்டாளி குண்டடிபட்டுக் கடலில் விழுவான். இரண்டாம் பாகத்தில் அவன் திரும்பி வருவானா என்பதுதான் ஒன்பது வயதில் எனக்கிருந்த ஒரே பெரிய கவலை.

"பொணத்தக் காட்டலேல்ல? அப்போ சாகல," என்று மாமா அடித்துச் சொல்வார். ஆனால் டிரெய்லர் வந்த அன்று அவர் முகம் தொங்கிப்போனது. கூட்டாளியின் நிழல்கூட அதில் இல்லை. இசையமைப்பாளரை ஏன் மாற்றினார்கள், இயக்குநர் ஏன் பேட்டியில் மழுப்புகிறார் என்று ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்திச் சந்தேகப்பட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. என் சந்தேகத்தில் முதலில் அகப்பட்டவர் அவர்தான்.

டிக்கெட் விற்கத் தொடங்கியும் அவர் வாங்கவில்லை. போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வந்தால் அவரும் அம்மாவும் சட்டென்று மழையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வேலை நாளில் லீவு போட்டுவிட்டு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் போய் வந்தார்கள். அம்மாவின் கண் சிவந்திருந்தது. மாமா என்னைக் கழற்றிவிட்டு நண்பர்களோடு படத்துக்குப் போகப்போகிறார், அம்மாவும் உடந்தை என்று முடிவு கட்டினேன். அதற்கு அம்மா ஏன் அழ வேண்டும் என்பது மட்டும் இடித்தது.

படத்தில் வருகிற மாதிரி, மாமாவின் பெட்டி ஜிப்பில் ஒரு நூலைக் கட்டிவைத்தேன். மறுநாள் பள்ளிவிட்டு வந்து பார்த்தால் நூல் அறுந்திருந்தது. திறந்தால், உள்ளே துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது.

"என்ன விட்டுட்டுத்தானே படம் பாக்கப் போறீங்க?"

மாமா பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினார். "ஆமாடி, கண்டுபிடிச்சிட்டியே! சென்னைல, காலேஜ் பசங்களோட பாக்கப் போறேன்."

"அங்க லேட்டாத்தானே வரும்? ஃபர்ஸ்ட் ஷோ நமக்குத்தானே?"

அது உண்மை. சிட்னியில் காலைக் காட்சி முடிந்த பிறகுதான் சென்னையில் முதல் காட்சியே தொடங்கும். அதில் எங்களுக்கெல்லாம் ஒரு திமிர் உண்டு. இங்கே முந்திப் பார்க்கிற படத்தை அங்கே போய்ப் பிந்திப் பார்க்க எந்த ரசிகனாவது விமானம் ஏறுவானா? மாமா என் தலைமுடியைக் கலைத்துவிட்டு எழுந்து போனார்.

அவருக்கு விசா நீட்டிப்பு கிடைக்கவில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. விமான நிலையத்தில் அம்மா தேம்பித் தேம்பி அழுதபோது, ஒரு படத்துக்குப் போகிறவருக்காக இவ்வளவா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

படம் வந்த அன்று காலைக் காட்சிக்கு அம்மா என்னைக் கூட்டிப்போனாள். கூட்டாளி சாகவில்லை! இடைவேளைக்குச் சற்று முன்னால் அவன் தாடியும் மீசையுமாக வந்து நின்றான். தியேட்டரே எழுந்து கத்தியது. நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

வெளியே வந்ததும் மாமாவைக் கூப்பிட்டேன். பார்க்காத படத்தின் கதையைச் சொல்ல யாராவது வாயெடுத்தாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர், அன்றைக்கு, "சொல்லு, எல்லாத்தயும் சொல்லு," என்றார். கூட்டாளி வந்துவிட்டான் என்றேன். "அப்படியா," என்றார், அவ்வளவுதான். எந்த வரிசையில் உட்கார்ந்தீர்கள், கூட்டம் எப்படி, ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தீர்களா, தோசைக் கடைக்குப் போவீர்களா, கடைக்கார அண்ணன் தன்னை விசாரித்தாரா என்று கேட்டுக்கொண்டே போனார். படத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

போனை வைத்ததும், கண்டுபிடித்ததை அம்மாவிடம் சொன்னேன்.

"மாமாக்கு அந்தப் படம் புடிக்கவே புடிக்காதும்மா. இவ்ளோ நாளா நம்மகிட்ட நடிச்சிருக்காரு."