போன வருடம் கட்டிய நானூறு வருடக் கிராமம்

காணி விற்கிற தொழிலில் பொய் சொல்வது கஷ்டமில்லை. சொன்ன பொய்யைச் சுவர் முழுக்க எழுதி ஒட்டிவிட்டு அதன் கீழே சிரித்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். காணி பார்த்தே ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்த சகபாவிகளே, உங்களை 'லோயர் பிரம்பிள்' கிராமத்துக்கு வரவேற்றவள் நான்தான். நாங்கள் குடியேறிய நகரத்தின் கோடியில் உள்ள வெரிபீக்கு அப்பால், முட்செடியும் முயலும் மட்டும் இருந்த வெட்டவெளி அது. முதலாளிகள் அதற்கு இங்கிலாந்தில் உள்ள ஒரு சின்னக் கிராமத்தின் பெயரை வைத்து, கூடவே அதன் நானூறு வருடச் சரித்திரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். விற்பனை அறைச் சுவரில் இருந்த அந்தச் சரித்திரத்தை நான் கிளிப்பிள்ளைபோல ஒப்பிக்க வேண்டும். ஆறு மாதத்தில் பன்னிரண்டு காணி விற்றால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி ட்ருகனினாவில் உள்ள கிடங்கில் பெட்டி அடுக்கப் போக வேண்டும்.

கிணறு

கிராமத்தின் நடுவில் கருங்கல்லில் ஒரு கிணறு கட்டியிருந்தார்கள். கப்பி, வாளி, கயிறு எல்லாம் உண்டு. மகளுக்குக் காணி பார்க்க வந்த கந்தையா அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர். கிணற்றைக் கண்டதும் காணியை மறந்துவிட்டார். எட்டிப் பார்த்தார். முழங்கை ஆழத்தில் சீமெந்துத் தரை தெரிந்தது.

"பிள்ளை, சீமெந்து போட்டு மூடிப்போட்டு, பிறகு ஆருக்குக் கப்பி பூட்டி வைச்சிருக்கிறியள்?"

வளைந்த தெருக்கள்

ஆங்கிலக் கிராமத்தில் தெரு நேராகப் போகாதாம். தட்டையான அந்த வெளியில் வேண்டுமென்றே எல்லாத் தெருவையும் வளைத்திருந்தார்கள். ஐ.டி. வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பதி வந்தார்கள். கணவர் கைப்பேசியில் திசைகாட்டியைப் போட்டுக்கொண்டு இருபது காணியிலும் ஏறி இறங்கினார். ஒன்றைத் தவிர எதுவும் நேர் கிழக்குப் பார்க்கவில்லை. அந்த ஒன்றுக்கும் தெருக்குத்து. இன்னொன்றில் இரண்டு டிகிரி விலகலைச் சமாளிக்க வாசற்கதவைக் கொஞ்சம் கோணலாக வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். படித்த மனிதர். வெயிலில் நின்று அலுத்த மனைவிதான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"ஏங்க, அந்த ஊர்ல யாருக்குமே சூரியன் எந்தப் பக்கம் உதிக்குதுன்னு தெரியாதா?"

கிராமத்துச் சட்டம்

காணியோடு இருபத்தாறு பக்கச் சட்டப் புத்தகமும் கொடுப்போம். கிராமத்து அழகைக் காப்பாற்றுவதற்காம். வீட்டு முன்பக்கத்தில் லவெண்டரும் ரோஜாவும் மட்டும் நடலாம். கறிவேப்பிலைச் சாடி கூடாது. உடுப்புக் கொடி தெருவுக்குத் தெரியக் கூடாது. தாதியாக வேலை செய்யும் சுமதி அதை முழுவதும் வாசித்தாள். வாசித்த முதல் ஆளும் கடைசி ஆளும் அவள்தான். பிறகு எல்லாரையும்போலக் கையெழுத்தும் போட்டாள்.

"உடுப்புக் காயப்போட ஏலாத கிராமத்தை இப்பதான் காணுறன், அக்கா. பேனையைத் தாங்கோ."

ஊர்க்காரி

கெடுவுக்கு ஒரு வாரம் இருந்தது. பதினொன்று விற்றிருந்தேன். மார்கரெட் என்ற வயதான வெள்ளைக்கார அம்மா, பெயர்ப்பலகையைப் பார்த்துக் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். உண்மையான லோயர் பிரம்பிளில் பிறந்தவராம். சுவரை வரிவரியாக வாசித்துவிட்டு, ஊன்றுகோலில் சாய்ந்தபடி, "பஸ் வருமா?" என்றார். மற்றவர்களுக்கெல்லாம் "விரைவில்" என்பேன். அந்த ஊன்றுகோலைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பன்னிரண்டாவது காணி கைவிட்டுப் போவது தெரிந்தும் "இல்லை" என்றேன். டாக்டர்? இல்லை. கடை? அதுவும் இல்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அச்சு அசல் எங்கள் ஊர்! பஸ் இல்லை, டாக்டர் இல்லை, திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வேவு பார்க்க மட்டும் ஆள் உண்டு. பதினெட்டு வயதில் தப்பி ஓடி வந்தேன், மகளே."

அவர் போய்விட்டார். உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மேலாளர் கிரெய்க் என்னைத் திட்டவில்லை. இரண்டே நாளில் நெடுஞ்சாலையோரம் பெரிய பலகை எழும்பியது: 'அச்சு அசல் எங்கள் ஊர்! – அங்கே பிறந்தவர் சொல்கிறார்.' மீதியை ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"பலகையில் இடம் போதவில்லை."

அந்த வாரமே மூன்று காணி போய் என் வேலையும் நிரந்தரமானது. உண்மை சொல்லி இந்தத் தொழிலில் நிலைத்த ஒரே ஆள் நான்தான், அதுவும் சொன்ன உண்மையைப் பாதியில் வெட்டிய பிறகு.